விதைப்பந்து வீசுவதா, வேலியைப் பார்ப்பதா? தருமபுரி, கிருஷ்ணகிரி காட்டோரத்துக்கு நம்மால் ஆவது என்ன

சிப்காட்வாசி, ஓசூர்

அனைவருக்கும் வணக்கம். ஓசூரில் வெவ்வேறு தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் சில குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டுக்கும் காட்டுயிர்களுக்கும் பயன்படும் வேலை ஏதாவது செய்யலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். எங்களில் பலர் அரூர், பாலக்கோடு, ஊத்தங்கரைப் பக்கத்துக் கிராமங்களில் பிறந்தவர்கள்தான். ஆனாலும் ஷிப்டும் பிள்ளைகளின் படிப்புமாகக் காலம் ஓடியதில், காடு என்பது தேன்கனிக்கோட்டை சாலையில் போகும்போது கண்ணில் படுகிற ஒன்றாக மட்டுமே ஆகிவிட்டது. குழுவில் இதுவரை இரண்டு யோசனைகள் வந்திருக்கின்றன. மழைக்கு முன்பாகச் சானமாவுக் காட்டில் விதைப்பந்துகள் வீசுவது ஒன்று. கோடையில் காட்டோரம் சிமென்ட் தொட்டிகள் வைத்து லாரித் தண்ணீர் நிரப்புவது மற்றொன்று. ஓரளவு பணமும் திரட்ட முடியும். படம் எடுத்துப் போட்டுவிட்டு மறந்துவிடும் வேலையாக இது முடிந்துவிடக் கூடாது என்பதால், காட்டோரத்தில் வாழ்கிறவர்களும் விவரம் தெரிந்தவர்களும் கருத்துச் சொல்ல வேண்டுகிறேன்.

கேழ்வரகுக்காரர், பாலக்கோடு வட்டம்

ஐயா, கேட்டதற்கு நன்றி. பெரும்பாலோர் கேட்காமலேயே வந்து செய்துவிட்டுப் போகிறார்கள்.

என் நிலத்துக்கும் காப்புக்காட்டு எல்லைக்கும் நடுவே ஒரு பள்ளமும் சில புளியமரங்களும்தான் இருக்கின்றன. கேழ்வரகு பால்பிடிக்கத் தொடங்கியதிலிருந்து அறுத்துக் களம் சேர்க்கும் வரை எங்கள் வீட்டு ஆண்கள் இரவில் வீட்டில் படுப்பதில்லை. பரணில் ஒருவர், களத்தில் ஒருவர் என்று டார்ச்சும் தகர டப்பாவுமாக விழித்திருப்போம். இருட்டில் யானையைக் கண்ணால் காண்பது அரிது. காதுதான் முதலில் கண்டுபிடிக்கும். அது பயிரைக் கொத்தாகத் தும்பிக்கையில் சுருட்டிப் பிடுங்கி, வேரில் ஒட்டிய மண் உதிரும்படி முன்னங்காலில் இரண்டு மூன்று முறை தட்டிவிட்டுத்தான் வாயில் போடும். அந்தத் ‘தப் தப்’ என்ற ஓசை கேட்டால் கூட்டம் வயலுக்குள் இறங்கிவிட்டது என்று பொருள். தின்றதைவிட மிதித்தது அதிகம் என்பது விடிந்த பிறகு தெரியும்.

காட்டில் மரம் போதாமல்தான் யானை வெளியே வருகிறது என்று நகரத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் எங்கள் பக்கம் அவை மிகுதியாக வருவது மழை பெய்து ஓய்ந்து காடு பச்சையாக இருக்கும் கார்த்திகை, மார்கழி மாதங்களில்தான். விளைந்த கேழ்வரகு காட்டுப்புல்லைவிடச் சத்தும் சுவையும் உள்ளது. ஒரே இடத்தில் வேண்டிய மட்டும் கிடைக்கிறது. நீங்கள் சானமாவில் எத்தனை பந்து வீசினாலும் இந்தக் கணக்கு மாறப்போவதில்லை.

உதவ விரும்பினால் காடும் வயலும் தொடும் இடத்துக்கு வாருங்கள். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 2020 நவம்பரில் பஞ்சப்பள்ளி அருகே ஒரு பெண் யானை, ஐம்பது அடிக்கும் மேலான விவசாயக் கிணற்றில் விழுந்து, மயக்க ஊசி போட்டுக் கிரேன் வைத்து மேலே தூக்கப்பட்டது. அதைப் படம் எடுத்தவர்கள் ஏராளம். அதுபோன்று கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் எங்கள் ஊரைச் சுற்றி இன்னும் கிடக்கின்றன. ஆடும் மாடும் விழுகின்றன, பள்ளிக்கூடப் பிள்ளைகளும் விழுந்திருக்கிறார்கள்.

வனப்பணி ஓய்வு, தேன்கனிக்கோட்டை

பாலக்கோட்டு நண்பர் சொன்னதை வழிமொழிகிறேன். விதைப்பந்து குறித்து மட்டும் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலாவதாக, தமிழ்நாடு வனச் சட்டம் 1882-இல் இயற்றப்பட்டதிலிருந்தே காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். நல்ல நோக்கம் என்பதற்காக விதிவிலக்கு கிடையாது. இரண்டாவதாக, நம் காடுகளில் வெற்றிடம் என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும் பல இடங்கள் வெற்றிடமே அல்ல. புல்வெளியும் முட்புதரும் அவற்றுக்கே உரிய காடு. வெளிமானும் முயலும் கவுதாரியும் அங்கேதான் வாழ்கின்றன. மூன்றாவதாக, உண்மையிலேயே சீர்கெட்ட பகுதிகளை உண்ணிச்செடி கவ்விக்கொண்டிருக்கிறது. பூவுக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட அந்தச் செடி ஆள் உயரத்துக்கு மேல் அடர்ந்து, அடியில் ஒரு புல்லையும் முளைக்க விடுவதில்லை. அதன் நடுவே வீசும் பந்து முளைத்தாலும் வெயில் காணாமல் சாகும். இத்தனைக்கும் மேல், பந்துக்குள் என்ன விதை இருக்கிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை. எளிதில் கிடைக்கிறது என்று சுபாபுல் என்ற வெளிநாட்டு மரத்தின் விதையை வைத்து உருட்டியவர்களையும் கண்டிருக்கிறேன். அது சீமைக் கருவேலத்துக்குத் தம்பி கொண்டுவந்து விடுவதற்குச் சமம்.

இங்குள்ள காட்டின் அளவு பலருக்குத் தெரிவதில்லை என்பதால் ஒரு சொல். 2014-இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் ஐந்நூறு சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல் அறிவிக்கப்பட்டது. 2022 நவம்பரில், அஞ்செட்டி, உரிகம், ஜவளகிரி வனச்சரகங்களின் காப்புக்காடுகளைச் சேர்த்து, 686 சதுர கிலோமீட்டர் பரப்பில் காவிரி தெற்குச் சரணாலயம் தமிழ்நாட்டின் 17-ஆவது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இவை கர்நாடகத்தின் காவிரிச் சரணாலயத்தோடு சேர்ந்து ஒரே நிலப்பரப்பாக நீள்கின்றன. யானைகள் மழைக்காலத்துக்குப் பின் பன்னர்கட்டாப் பக்கமிருந்து தளி, ஜவளகிரி வழியாக இறங்கி நொகனூர், ஊடேதுர்கம், சானமாவு வரை வந்து திரும்புகின்றன. இந்தப் பாதையில் காடு துண்டு துண்டாகக் கிடக்கிறது. ஒரு துண்டிலிருந்து மறு துண்டுக்குப் போக வயலையும் நெடுஞ்சாலையையும் கடந்தே ஆக வேண்டும். 1980-களில் இந்தப் பக்கத்துக் கூட்டங்களில் சில ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்துக்கே இடம்பெயர்ந்து போய்விட்டன; அவற்றுக்காகவே 1990-இல் கௌண்டின்யா சரணாலயம் அமைந்தது.

தண்ணீர்த் தொட்டியும் வேண்டாம். காட்டின் உட்பகுதியில் துறையே தொட்டிகள் அமைத்து நிரப்புகிறது. ஊர்ப்பக்கம் தண்ணீர் வைத்தால் ஊருக்கு வரச் சொல்லி நாமே அழைத்ததாகும்.

மாந்தோப்பு, காவேரிப்பட்டணம்

மேலே எழுதிய எல்லோரும் யானையின் பக்கமிருந்தே பேசுகிறீர்கள். அதிகாலையில் பால் ஊற்றப் போனவரும், வயலில் காவலுக்குப் படுத்தவரும் மிதிபட்டுச் செத்த செய்தி இந்த இரண்டு மாவட்டங்களிலும் ஆண்டு தவறாமல் வருகிறது. செத்தவர் வீட்டுக்கு நிவாரணத் தொகையோடு கடமை முடிந்துவிடுகிறது. மனிதரை விரட்டும் யானையைப் பிடித்து ஆனைமலையிலோ முதுமலையிலோ கொண்டுபோய் விடுவதில் என்ன தடை? இயற்கையைக் காப்போம் என்று பேசுகிறவர்களில் ஒருவராவது ஓர் இரவு பரணில் படுத்திருப்பாரா?

வனப்பணி ஓய்வு, தேன்கனிக்கோட்டை

மாந்தோப்பு ஐயாவின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் பிடித்துக் கொண்டுபோய் விடுவதன் பலனை நம் மாவட்டமே பார்த்திருக்கிறது. 2023 பிப்ரவரியில் பாலக்கோட்டுப் பகுதியில் பயிர்களை அழித்து வந்த ஒரு மக்னாவை, அதாவது தந்தமில்லாத ஆண் யானையைப் பிடித்து, ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் வரகளியாற்றில் விட்டார்கள். அது அங்கே தங்கவில்லை. காட்டைவிட்டு இறங்கி, பொள்ளாச்சி வழியாக ஊர்களையும் சாலைகளையும் கடந்து, நூறு கிலோமீட்டருக்கும் மேல் நடந்து கோயம்புத்தூர் நகரத்தின் விளிம்புக்கே வந்துவிட்டது. அங்கே மறுபடியும் மயக்க ஊசி, மறுபடியும் லாரி. கேழ்வரகின் சுவை அறிந்த யானை எங்கே விட்டாலும் வயலைத் தேடியே போகும். துன்பம் பாலக்கோட்டிலிருந்து பொள்ளாச்சிக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். பிடிப்பது தவிர்க்க முடியாத நேரங்கள் உண்டு; அதை வழக்கமான மருந்தாகக் கொள்ள முடியாது.

மாந்தோப்பு, காவேரிப்பட்டணம்

அந்த மக்னாவின் கதை எனக்கும் தெரியும். சரி, பிடிக்க வேண்டாம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் வேலி போடுகிற விவசாயியைக் கைது செய்வதையாவது நிறுத்தச் சொல்லுங்கள். வயிற்றுப்பாட்டுக்குத்தான் வேலி போடுகிறான்.

லைன்மேன், மாரண்டஅள்ளி

வேலியைப் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். பணியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன், எனவே துறையின் சார்பில் பேசவில்லை.

‘கரண்ட் வேலி’ என்று எல்லோரும் ஒரே பெயரில் சொல்வது இரண்டு வேறு பொருள்களை. சோலார் வேலியில், 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எனர்ஜைசர் என்ற கருவி சில ஆயிரம் வோல்ட் அளவுக்கு அழுத்தத்தை உயர்த்தி, ஏறக்குறைய நொடிக்கு ஒருமுறை, கண் சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவாக ஒரு துடிப்பை மட்டும் கம்பியில் அனுப்பும். தொட்ட விலங்குக்கு அடி விழுந்ததுபோல் வலிக்கும். அடுத்த துடிப்பு வருவதற்குள் அது விலகிவிடும். அழுத்தம் அதிகம் என்றாலும் ஆற்றல் மிகக் குறைவு என்பதால் உயிர் போகாது. வீட்டு இணைப்பிலிருந்தோ மோட்டார் இணைப்பிலிருந்தோ நேராகக் கம்பிக்கு இழுத்தால் கதை வேறு. 230 வோல்ட் இடைவிடாமல் பாய்கிறது. தசை இறுகிக் கம்பியைவிட்டு விலக முடியாமல் போகிறது. யானைக்கும் பன்றிக்கும் மட்டுமல்ல, விடியற்காலையில் வரப்பில் நடந்து வரும் மனைவிக்கும் மகனுக்கும் அதே முடிவுதான்.

2023 மார்ச் மாதம் எங்கள் பகுதியில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பன்றிக்கென்று வயலைச் சுற்றி இழுத்த திருட்டு மின்கம்பியில் மூன்று யானைகள் ஒரே இரவில் செத்தன. அவற்றோடு வந்த இரண்டு குட்டிகள் பிழைத்துப் பிணங்களைச் சுற்றியே நின்றன. அதே மாதத்தில் கம்பைநல்லூர் அருகே இன்னொரு யானை செத்தது. அங்கே யாரும் திருட்டு வேலி போடவில்லை. ஏரிக்கரை மேட்டில் ஏறிய யானையின் உயரத்துக்கு மேலே சென்ற மின்கம்பி எட்டிவிட்டது. அந்த ஆண்டிலேயே மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்துவதற்கான விதிகளை அரசு கொண்டுவந்தது. தரச்சான்று பெற்ற எனர்ஜைசர் மட்டுமே பொருத்த வேண்டும், காட்டோர நிலங்களில் அனுமதி பெற வேண்டும், பழைய வேலிகளையும் பதிய வேண்டும் என்பவை அவற்றின் சாரம். யானை, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணை ஒன்றில் உள்ள விலங்கு. அதைக் கொன்றால் மூன்றிலிருந்து ஏழு ஆண்டு வரை சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு.

நகரத்து நண்பர்களுக்கு என்னிடம் ஒரு வேலை இருக்கிறது. தாழ்வாகத் தொங்கும் கம்பி, சாய்ந்த கம்பம், கிளை உரசும் லைன் ஆகியவற்றைக் காணும்போது கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு, இடத்தையும் சொல்லி, மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தில் பதிவு செய்யுங்கள். எண் இல்லாத புகாரைத் தேடி லைன்மேன் அலைய வேண்டியிருக்கிறது. எண் இருந்தால் எந்த டிரான்ஸ்பார்மரின் கீழ் வருகிறது என்பது உடனே தெரிந்துவிடும். வயலிலும் ஏரிக்கரையிலும் இருக்கும் லைன்களை யாரும் புகாராகச் சொல்வதே இல்லை, ஏனென்றால் அங்கே வீடு கிடையாது.

கேழ்வரகுக்காரர், பாலக்கோடு வட்டம்

லைன்மேன் அண்ணன் சொன்னது அனைத்தும் சரி. ஆனால் சோலார் வேலி போட்டவர்களின் பாட்டையும் சொல்ல வேண்டும். மானியம் போக நம் பங்கு இருக்கிறது. சிறு விவசாயிக்கு அதுவே பெரும் தொகை. போட்ட பிறகு அதைப் பராமரிப்பது தனி வேலை. மழைக்காலத்தில் புல் வளர்ந்து கீழ்க்கம்பியைத் தொட்டால் மின்சாரம் மண்ணுக்குள் கசிந்துவிடும், கம்பியில் ஒன்றும் இருக்காது. வாரம் ஒருமுறை வேலி ஓரம் செதுக்கியாக வேண்டும். பேட்டரி சில ஆண்டுகளில் செத்துவிடும். யானையும் சும்மா இருப்பதில்லை. தந்தத்தில் மின்சாரம் பாயாது என்பதை அறிந்துகொண்டு தந்தத்தால் கம்பியை அறுக்கிறது. இல்லையென்றால் காய்ந்த மரத்தை இழுத்து வந்து வேலிமேல் போடுகிறது. இதனால் சலித்துப்போன சிலர்தான் இரவில் மின்கம்பியில் கொக்கி போட்டுத் திருட்டு மின்சாரம் இழுக்கிறார்கள். அதை நான் ஆதரிக்கவில்லை. எந்த வழியாக அங்கே போய்ச் சேருகிறார்கள் என்பதைச் சொல்கிறேன்.

இழப்பீட்டின் கதை இன்னும் மோசம். பட்டா, அடங்கல், சேதத்தின் படங்கள், சான்றுகள் என எல்லாம் கேட்பார்கள். எங்கள் நிலம் இன்னும் தாத்தா பெயரில் கூட்டுப் பட்டாவாக இருக்கிறது. ஓர் அலுவலகத்தில் பங்காளிகள் அனைவரின் கையெழுத்தும் வேண்டும் என்றார்கள். ஒருவர் பெங்களூருவில் கட்டட வேலையில் இருக்கிறார், ஒருவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. விண்ணப்பம் அங்கேயே நின்றுவிட்டது. விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்கு நிலம் பிடித்து உழுகிறவர்களுக்கு அந்தக் காகிதமும் கிடையாது. யானையால் நட்டமடைகிறவர்களில் மிக ஏழைகள் இவர்கள்தான், இழப்பீட்டுப் பட்டியலில் பெயரே வராதவர்களும் இவர்கள்தான்.

சிப்காட்வாசி, ஓசூர்

இத்தனை விரிவான பதில்களை எதிர்பார்க்கவில்லை. எங்கள் குழுவில் கணக்குப்பிரிவில் வேலை பார்ப்பவர்கள் சிலர் இருக்கிறார்கள். விண்ணப்பம் எழுதுவதும், ஆவணங்களை ஸ்கேன் செய்து அனுப்புவதும், விடாமல் பின்தொடர்வதும் அவர்களுக்குப் பழகிய வேலை. சேதம் நடந்த மறுநாளே படமும் தேதியும் இடக்குறிப்புமாக ஒரு கோப்பு உருவாக்கிக் கொடுத்தால் பயன்படுமா?

கேழ்வரகுக்காரர், பாலக்கோடு வட்டம்

மிகவும் பயன்படும். படம் எடுக்கும்போது யானையின் கால்தடத்தையும் லத்தியையும் (சாணம்) சேர்த்து எடுக்க வேண்டும். இல்லையென்றால் மாடு மேய்ந்ததாகச் சொல்லிவிடுவார்கள்.

ஆசிரியை, பென்னாகரம்

பேச்சு முழுவதும் யானையைச் சுற்றியே போவதால் சிறிது திசை திருப்புகிறேன். ஒகேனக்கல் மலைச்சாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நின்று பார்த்தால், சாலையோரக் குரங்குகளுக்கு இந்த மாவட்டத்தில் என்ன நடக்கிறது என்பது விளங்கும். காரை நிறுத்தாமலே சன்னல் வழியாக பிஸ்கட்டையும் முறுக்கையும் வீசுகிறார்கள். குட்டியைச் சுமந்த தாய், அடுத்த காரின் சக்கரத்தைப் பார்க்காமல் குறுக்கே பாய்கிறது. தோப்பூர்க் கணவாயிலும் இதே நிலைதான். புண்ணியம் என்று நினைத்துச் செய்வது இது. காட்டில் அத்திப்பழமும் இலையும் பூச்சியும் தேடித் தின்று, விதைகளைப் பல இடங்களுக்குக் கொண்டுசென்ற குரங்கு, நாள் முழுவதும் தார்ச்சாலையில் உட்கார்ந்து பாக்கெட்டுக்குக் காத்திருக்கிறது. வண்டிகள் குறையும் நாள்களில் அருகிலுள்ள ஊர்களின் ஓட்டைப் பிரித்து அடுப்படிக்குள் இறங்குகிறது. எங்கள் பள்ளியின் சத்துணவுக்கூடத்துக்கு இரும்புவலை அடித்தது அதன் பிறகுதான். விதைப்பந்து செய்ய வேண்டியதைக் குரங்கு இலவசமாகச் செய்துகொண்டிருந்தது என்பதையும் சிப்காட் நண்பர் கவனிக்க வேண்டும்.

ஆற்றங்கரையில் கண்ணாடிப் பாட்டில்கள் தனித் துன்பம். பாறையில் அடித்து உடைப்பதில் என்ன இன்பம் என்று எனக்கு விளங்கியதே இல்லை. காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்ற திட்டம் 2022-இல் நீலகிரியில் தொடங்கியபோது, உயர்நீதிமன்றம் மனத்தில் கொண்டிருந்தது காட்டு விலங்குகளின் கால்களைத்தான். நம் காவிரிக் கரையில் நீர்நாய் இருக்கிறது, முதலை இருக்கிறது, அருகி வரும் லீத் மென்னோட்டு ஆமை இருக்கிறது. அந்த ஆமையைக் காப்பதும் காவிரி தெற்குச் சரணாலயத்தின் நோக்கங்களுள் ஒன்று. மணலில் முட்டையிடும் உயிர் அது; அந்த மணலில்தான் நாம் சமைத்துச் சாப்பிட்டு இலையையும் பாலித்தீன் உறையையும் புதைத்துவிட்டு வருகிறோம்.

பிள்ளைகளை வைத்துச் செய்யக்கூடிய ஒன்றையும் சொல்கிறேன். ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையை ஒட்டித் தமிழ்நாடு முழுவதும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் ஓர் இடத்தில் நின்று, பார்த்த பறவைகளையும் எண்ணிக்கையையும் இ-பேர்ட் தளத்தில் ஏற்றினால் போதும். ஓசூர்க்காரர்களுக்கு இராமநாயக்கன் ஏரி இருக்கிறது, கெலவரப்பள்ளி அணை இருக்கிறது. எங்கள் பக்கத்துக்குப் பாரூர் ஏரியும் தூரமில்லை. கெலவரப்பள்ளியில் தென்பெண்ணை நுரை பொங்கி வரும் நாள்களில் எந்தப் பறவைகள் வருகின்றன, எவை வருவதில்லை என்பதைச் சில ஆண்டுகள் தொடர்ந்து பதிந்து வைத்தால், நாளை யாராவது அந்த ஆற்றுக்காக வழக்குப் போடும்போது அது சான்றாக நிற்கும். எங்கள் மாணவர்கள் சிலர் வீட்டில் கூண்டில் கிளி வளர்த்தார்கள். அது சட்டப்படி குற்றம் என்று வகுப்பில் சொன்னபோது பெற்றோர் நம்பவில்லை. பச்சைக்கிளி நம் நாட்டுக் காட்டுப்பறவை, அதை வாங்குவதும் விற்பதும் வளர்ப்பதும் கூடாது. நெடுஞ்சாலைக் கடைகளில் ‘காட்டுக் காடை, கவுதாரி’ என்று பலகை மாட்டி விற்பதும் அப்படித்தான். வாங்குபவர் இல்லையென்றால் கண்ணி வைப்பவரும் இருக்க மாட்டார்.

மாந்தோப்பு, காவேரிப்பட்டணம்

ஆசிரியை அம்மா சொன்ன கவுதாரி விஷயத்தில் எனக்கு மாறுபாடு இல்லை. பன்றியைப் பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் பக்கம் யானை வருவது எப்போதாவது. பன்றி ஒவ்வொரு நாளும். நிலக்கடலையை ஒரே இரவில் உழுதுவிட்டுப் போகிறது.

வனப்பணி ஓய்வு, தேன்கனிக்கோட்டை

பன்றிக்கு வைப்பதுதான் யானையைக் கொல்கிறது என்பதால் அதையும் பேசத்தான் வேண்டும். பழத்துக்குள் வெடிமருந்து வைத்த அவுட்டுக்காயை விவரம் தெரியாத யானைக்குட்டி கடிக்கிறது. தாடை சிதைந்து, தின்ன முடியாமல், பல நாள் பட்டினியில் சாகிறது. மேய்ச்சலுக்குப் போன பசுவும் கடிக்கிறது. பன்றிக்கு இப்போது அரசு ஒரு வழி காட்டியிருக்கிறது. 2025 ஜனவரியில் வந்த ஆணைப்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினரே சுடலாம். காவேரிப்பட்டணத்துத் தோப்புகளில் பல அந்த மூன்றாவது வரையறைக்குள் வரும். விவசாயிகள் சேர்ந்து கிராம அளவில் மனுக் கொடுங்கள். தனியாளாக வெடியும் கம்பியும் வைத்துச் சிறைக்குப் போவதைவிட அது மேல்.

சிப்காட்வாசி, ஓசூர்

குழுவில் பேசி முடிவெடுத்துவிட்டோம். விதைப்பந்தையும் தொட்டியையும் கைவிடுகிறோம். அதனால் ஓரிருவர் வருத்தப்பட்டு விலகியும் விட்டார்கள். திரட்டிய பணத்தை, காட்டோரக் கிணறுகளுக்குக் கைப்பிடிச் சுவர் கட்டப் பயன்படுத்த விரும்புகிறோம். இதற்கு வனத்துறையின் அனுமதி வேண்டுமா? இழப்பீட்டு விண்ணப்பங்களுக்கு இரண்டு பேர் பொறுப்பேற்றிருக்கிறார்கள். பொங்கல் கணக்கெடுப்புக்குப் பிள்ளைகளோடு இராமநாயக்கன் ஏரிக்குப் போகிறோம்.

வனப்பணி ஓய்வு, தேன்கனிக்கோட்டை

பட்டா நிலத்துக் கிணற்றுக்கு நில உரிமையாளரின் சம்மதம் போதும். ஆனாலும் வனச்சரக அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். யானை நடமாடும் தடத்தில் எந்தக் கிணறு முதலில் வருகிறது என்பதை வேட்டைத் தடுப்புக் காவலர்கள் சொல்வார்கள். பாழுங்கிணறுகளை விட்டுவிடாதீர்கள், புதர் மூடிய அவைதான் ஆபத்தானவை.

லைன்மேன், மாரண்டஅள்ளி

சுவர் கட்டும் இடங்களில் கிணற்று மோட்டாரின் வயரும் தரையோடு கிடக்கும். அதையும் குழாய்க்குள் இட்டுப் புதைக்க நான் வந்து உதவுகிறேன், கூலி வேண்டாம்.

கேழ்வரகுக்காரர், பாலக்கோடு வட்டம்

ஆடியில் விதைப்பு தொடங்கிவிட்டால் வண்டி வயலுக்குள் வர வழி இருக்காது, வைகாசிக்குள் வாருங்கள். கல்லும் மணலும் இங்கேயே கிடைக்கும், மேஸ்திரியும் ஊரிலேயே இருக்கிறார். சிமென்ட் மட்டும் நீங்கள் வாங்கினால் போதும். சுவர் இரண்டடி வைத்தால் யானைக்கு அது படிக்கட்டு. நான்கடிக்குக் குறையக் கூடாது. மாலை ஐந்து மணிக்கு எல்லோரும் வண்டியில் ஏறிவிட வேண்டும், அதில் மட்டும் தயவு தாட்சண்யம் கிடையாது. பகல் சாப்பாடு எங்கள் வீட்டில்.